எஞ்சினை மாற்றினால் படகும் மாறும்

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுவோரை நீங்கள் கவனித்திருக்கலாம். மூட்டைகளைக் கண்டபடி தூக்கிப் போட்டுவிட்டு அவர்கள் வண்டியை ஓட்டிச் செல்வதில்லை. முன்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும்; பின்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி மேலே எழும்பி, கழுத்துக் கயிறு மாடுகளின் தொண்டையை இறுக்கும். ஏற்றிய மூட்டைகளின் எண்ணிக்கை மாறாவிட்டாலும், ஒரு மூட்டையை ஒரு முழம் நகர்த்தினால் போதும், வண்டியின் போக்கே மாறிவிடும்.

வேகப் படகிலும் இதே கதைதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வண்டியைத் தாங்கும் அச்சு ஓரிடத்தில் நிலையாக இருக்கின்றது. படகைத் தாங்குவது தண்ணீர். அந்தத் தாங்கும் இடம், படகின் வேகத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும்! அச்சு நகரும் வண்டியில் பாரம் ஏற்றுவது எவ்வளவு சிக்கலான வேலை என்று எண்ணிப் பாருங்கள். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு அதைவிடத் திறன் மிகுந்த புதிய எஞ்சினை ஒரு வேகப் படகில் பொருத்துவோர் அந்த வேலையைத்தான் செய்கின்றனர்.

படகின் முன்பகுதியை அணியம் என்றும், பின்பகுதியை அமரம் என்றும் நம் மீனவர்கள் வழங்குவர். இக்கட்டுரையில் நாமும் அச்சொற்களையே பயன்படுத்துவோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 6 மீட்டர் நீளமுள்ள ஒரு வேகப் படகு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எஞ்சின் நீங்கலாக, ஆட்களும் எரிபொருளும் சேர்ந்து அதன் நிறை 900 கிலோகிராம். இந்த நிறையின் ஈர்ப்பு மையம் அமரத்தின் கடைசிப் பலகையிலிருந்து 2.4 மீட்டர் முன்னால் உள்ளது. அமரத்துக்கு வெளியே தொங்கவிடும் வகை எஞ்சின் ஒன்று இப்படகில் உள்ளது. இது 150 குதிரைத்திறன் கொண்டது. நிறை 180 கிலோகிராம். வெளியே தொங்குவதால் அதன் ஈர்ப்பு மையம் பின்பலகைக்கு 0.3 மீட்டர் பின்னால் இருக்கின்றது.

பின்பலகையை ஆதாரமாகக் கொண்டு திருப்புத்திறன்களைக் கூட்டுவோம். 900 × 2.4 = 2160. எஞ்சின் எதிர்த்திசையில் இருப்பதால் 180 × 0.3 = 54ஐக் கழிக்க வேண்டும். மீதி 2106. இதனை மொத்த நிறையாகிய 1080ஆல் வகுத்தால் 1.95 கிடைக்கும். அதாவது, முழுப் படகின் ஈர்ப்பு மையம் பின்பலகையிலிருந்து 1.95 மீட்டர் முன்னால் இருக்கின்றது.

இப்போது படகின் சொந்தக்காரர் 250 குதிரைத்திறன் கொண்ட புதிய எஞ்சினை அதே இடத்தில் மாட்டுகிறார். அதன் நிறை 270 கிலோகிராம். கணக்கைத் திரும்பப் போட்டால் 2079ஐ 1170ஆல் வகுக்க வேண்டியிருக்கும், விடை 1.78 மீட்டர். ஈர்ப்பு மையம் 17 சென்டிமீட்டர் பின்வாங்கிவிட்டது. எஞ்சினை இன்னும் பின்னால் தள்ளி, ஓர் இரும்புத் தாங்கியின் மேல், பின்பலகைக்கு 0.9 மீட்டர் பின்னால் அமையுமாறு பொருத்தினால்? விடை 1.64 மீட்டர். பழைய நிலையிலிருந்து 31 சென்டிமீட்டர் வேறுபாடு!

கூடிய நிறை 90 கிலோகிராம்தான். ஒரு பருத்த மனிதர் படகில் ஏறியது போன்றது. அவர் படகின் நடுவில் உட்கார்ந்தால் ஒருவரும் பொருட்படுத்தமாட்டார்கள். கடைசிப் பலகைக்கு வெளியே தொங்கினால் நிலைமை வேறு.

17 சென்டிமீட்டரும் 31 சென்டிமீட்டரும் 6 மீட்டர் படகில் ஒரு பொருட்டா என்று நீங்கள் கேட்கலாம். படகு கரையில் கட்டிக் கிடக்கும்போது அவ்வளவாக ஒரு பொருட்டன்று. அமரம் சற்றுத் தாழ்ந்து நிற்கும், அவ்வளவே. விரைந்து ஓடும்போதுதான் அதன் முழுப் பொருள் விளங்கும். அதற்கு, ஓடும் படகைத் தாங்குவது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நின்றிருக்கும் படகைத் தாங்குவது ஆர்க்கிமிடீஸ் விதிப்படி தோன்றும் மிதப்பு விசை. இது உங்களுக்குத் தெரிந்ததே. படகு மெல்ல நகரும்போதும் அப்படித்தான். வேகம் கூடக் கூட, படகு தன் அணியத்தருகே ஓர் அலையை எழுப்புகின்றது. வேகத்தோடு அந்த அலையின் நீளமும் வளரும். அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது அணியம் ஒரு முகட்டிலும் அமரம் அடுத்த முகட்டிலும் இருக்கும். 6 மீட்டர் படகுக்கு இது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் நிகழும். இன்னும் வேகமாகப் போக முயன்றால் பின் முகடு அமரத்தைத் தாண்டிச் சென்றுவிடும். அமரம் பள்ளத்தில் இறங்க, படகு தான் எழுப்பிய அலையின் சரிவில் தானே ஏற வேண்டியதாகிவிடும். சாதாரணச் சரக்குப் படகுகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. எவ்வளவு எரிபொருளைச் செலவழித்தாலும் அந்த மேட்டை அவற்றால் ஏறிக் கடக்க முடிவதில்லை.

வேகப் படகு கடந்துவிடும். அதன் அடிப்புறம் தட்டையாகவோ மேலோட்டமான ஆங்கில ‘வி’ எழுத்து வடிவிலோ இருக்கும். திறன் மிகுந்த எஞ்சின் அதனைத் தள்ளும்போது, சாய்ந்த அடிப்பலகை தண்ணீரைக் கீழ்நோக்கி அடிக்க, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தண்ணீர் பலகையை மேல்நோக்கித் தள்ளுகின்றது. குளத்தில் ஓட்டுச் சில்லை எறிந்து தவளை விட்டிருப்பீர்களே, அது மூழ்காமல் தத்திச் செல்வதும் இதனால்தான். இப்படி நீரின்மேல் சறுக்கும் படகு, நீரைக் கிழித்துச் செல்லும் படகைவிடப் பலமடங்கு வேகமாக ஓடும்.

இந்தச் சறுக்கு விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்து வளர்கிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் கிடைப்பதைப் போல் நான்கு மடங்கு விசை 60 கிலோமீட்டரில் கிடைக்கும். ஆனால் படகின் எடை மாறவில்லையே! ஆகவே, அதே எடையைத் தாங்க மிகக் குறைந்த பரப்பு போதும். படகு மேலே எழும்பும். நனைந்த பரப்பு சுருங்கும். அணியம் முற்றிலும் நீரைவிட்டு வெளியேறிவிட, அமரத்தின் அருகே ஒரு சிறு பகுதி மட்டும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அச்சு நகர்கிறது என்று முதலில் சொன்னது இதைத்தான்.

இங்கேதான் ஈர்ப்பு மையம் தன் அதிகாரத்தைக் காட்டுகின்றது. அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேனியல் சாவிட்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர், சறுக்குப் படகுகளுக்கான கணக்கு முறை ஒன்றை 1964ஆம் ஆண்டு வெளியிட்டார். படகு வடிவமைப்போர் இன்றும் அதனைக் கையாள்கின்றனர். அதன்படி, மிகு வேகத்தில் நீரின் அழுத்தம் நனைந்த நீளத்தின் நடுவில் செயல்படுவதில்லை. அமரத்திலிருந்து ஏறத்தாழ முக்கால் பங்குத் தொலைவில் செயல்படுகின்றது. மற்ற விசைகளின் திருப்புத்திறனைச் சற்று நேரம் மறந்துவிட்டால், படகு சமநிலையில் ஓடுவதற்கு இந்த அழுத்த மையம் ஈர்ப்பு மையத்துக்கு நேர் கீழே வந்தாக வேண்டும். ஆகவே படகு அணியத்தை உயர்த்தியோ தாழ்த்தியோ, அவ்வாறு வரும்வரை தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது.

நம் கணக்கை இதில் பொருத்திப் பாருங்கள். ஈர்ப்பு மையம் 1.95 மீட்டரில் இருந்தபோது நனைந்த நீளம் 2.6 மீட்டர். புதிய எஞ்சின் வந்தபின் 2.37 மீட்டர். தாங்கியின்மேல் பின்தள்ளி வைத்தால் 2.18 மீட்டர். எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதே படகின் எவ்வளவு பகுதி தண்ணீரில் இருக்கும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது! நனையும் பரப்புக் குறைந்தால் உராய்வும் குறையும், வேகம் கூடும். பந்தயப் படகுக்காரர்கள் எஞ்சினைப் பின்னால் தள்ள ஆசைப்படுவது இதனாலேயே.

ஆனால் அந்த ஆசைக்கு ஓர் எல்லை உண்டு. நனைந்த பகுதி குறுகக் குறுக, படகு ஒற்றைக் காலில் நிற்பவனைப் போல் ஆகிவிடுகிறது. ஒரு சிற்றலை அணியத்தைத் தூக்கினால், பலகையின் சாய்வு கூடி, நீரின் விசையும் கூடிப் படகை மேலே எறிகின்றது. மேலே எழுந்ததும் நனைந்த பகுதி குறைய, விசை தளர்ந்து படகு கீழே விழுகின்றது. விழுந்த வேகத்தில் அளவுக்கு மீறி நனைந்து, மறுபடி எறியப்படுகின்றது. காற்றும் அலையும் இல்லாத தெளிந்த நீரிலும் இந்த ஆட்டம் தானாகவே நீடிக்கும். சில சமயம் ஒவ்வொரு துள்ளலும் முந்தியதைவிடப் பெரிதாகும். ஓங்கில் எனப்படும் கடற்பன்றி நீரிலிருந்து எழுந்தெழுந்து விழுந்து நீந்துவதைப் போல் இருப்பதால், கடற்பன்றியின் ஆங்கிலப் பெயரையே சேர்த்து இதற்குப் ‘பார்பாய்சிங்’ என்று பெயரிட்டுள்ளனர். பெயர் அழகானது, படகில் இருப்பவருக்கு அது அழகாக இராது. இருக்கையிலிருந்து வெளியே தூக்கி எறியப்படவும் கூடும்.

இதற்கு எளிய வைத்தியம், எடையை முன்னே கொண்டுசெல்வது. நம் படகின் ஈர்ப்பு மையத்தைப் பழையபடி 1.95 மீட்டருக்குக் கொண்டுவர எவ்வளவு வேண்டும்? 1170 × 1.95 = 2281.5. நம்மிடம் இருப்பது 2079. குறைவது ஏறத்தாழ 200. அதாவது 100 கிலோகிராம் நிறையை 2 மீட்டர் முன்னால் நகர்த்த வேண்டும். மின்கலத்தையும் எரிபொருள் தொட்டியையும் முன்னே மாற்றிவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். ஆனால் எரிபொருள் தீர்ந்துகொண்டே போகும் பொருளாயிற்றே! புறப்படும்போது நேராக நின்ற படகு, திரும்பும்போது பின்பாரமாகிவிடும். எனவேதான் தேர்ந்த வடிவமைப்பாளர்கள் எரிபொருள் தொட்டியை ஈர்ப்பு மையத்துக்கு அருகிலேயே வைத்துவிட்டு, நிறை மாறாத மின்கலத்தை வேண்டிய பக்கம் நகர்த்திக்கொள்கின்றனர்.

இதை நீங்களே ஒருவாறு செய்து பார்க்கலாம். ஒரு சாண் நீளமும் நான்கு விரல் அகலமும் உள்ள தெர்மோகோல் துண்டை எடுத்துக்கொண்டு, முன்விளிம்பின் அடிப்புறத்தைச் சரிவாகச் சீவிவிடுங்கள். முன்புறம் ஒரு நூலைக் கட்டுங்கள். நீளமான சிமெண்டுத் தொட்டி ஒன்றில், பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, அதனை நடக்கும் வேகத்தில் இழுத்துச் செல்லுங்கள். சில நாணயங்களைப் பசைத்தாள் கொண்டு முதலில் முன்பக்கத்திலும், பிறகு நடுவிலும், அதன்பின் கடைக்கோடியிலும் ஒட்டி, ஒவ்வொரு முறையும் என்ன நிகழ்கின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் ஒட்டினால் துண்டு மூக்கைக் குத்திக்கொண்டு தண்ணீரை மேலே வாரிக்கொள்ளும். கடைக்கோடியில் ஒட்டினால் மூக்கு வானத்தைப் பார்க்கும். வால் தண்ணீரை உழும். இரண்டுக்கும் இடையில், இழுப்பது திடீரென்று எளிதாகிவிடும் ஓர் இடம் இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். நூலை மேலும் கீழும் மாற்றிக் கட்டிப் பார்க்கவும் மறவாதீர்கள்.

ஏனெனில் எஞ்சின் வெறும் எடை மட்டும் அன்று, தள்ளுவதும் அதுதானே. தள்ளும் விசை எந்த உயரத்தில் செயல்படுகின்றது என்பதும் முக்கியம். நம் படகின் புரொப்பெல்லர் ஈர்ப்பு மையத்துக்கு 0.6 மீட்டர் கீழே இருந்து 4000 நியூட்டன் விசையுடன் தள்ளுவதாகக் கொண்டால், அணியத்தை உயர்த்தும் திருப்புத்திறன் 2400 நியூட்டன் மீட்டர். படகின் எடை ஏறத்தாழ 11,700 நியூட்டன். இந்தத் திருப்புத்திறன், ஈர்ப்பு மையத்தை 20 சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தியதற்கு ஒப்பாகும். நாம் முன்பு மறந்திருந்த விசை எவ்வளவு பெரிது பார்த்தீர்களா! எஞ்சினை நிறுத்தியதும் அது மறைந்துவிடும். அணியம் பொத்தென்று கீழே இறங்கும். வெளியே தொங்கும் எஞ்சினைச் சற்றுச் சாய்ப்பதற்கு வசதி வைத்திருப்பதும் இந்தத் திருப்புத்திறனைக் கூட்டிக் குறைத்துக்கொள்வதற்கே.

எஞ்சினைப் படகின் நடுவில் வைத்து, நீண்ட தண்டு ஒன்றின் வழியாகப் புரொப்பெல்லரைச் சுழற்றும் முறையே பழமையானது. நீர்ச்சறுக்குப் போட்டிகளுக்கு இந்த அமைப்பே நெடுங்காலமாக விரும்பப்படுகின்றது. எடை நடுவில் இருப்பதால் படகு தட்டையாக ஓடுகின்றது. பின்னால் எழும் அலை சிறிது. சறுக்குபவர் அதை எளிதில் கடந்துவிடுவார். அலையின் மேல் துள்ளி விளையாடும் விளையாட்டுக்கோ பெரிய அலை வேண்டும். அதற்கென அமைந்த படகுகளில் எஞ்சினை அமரத்துக்குத் தள்ளி, முன்பக்கம் திருப்பி வைத்து, தண்டை மடக்கிப் பின்னால் கொண்டுவருகின்றனர். எஞ்சினைப் படகின் உள்ளேயே பின்பலகையை ஒட்டி வைத்து, புரொப்பெல்லரை மட்டும் வெளியே தொங்கவிடும் முறையை வால்வோ பென்டா நிறுவனம் 1959ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது.

திரும்பும்போது இவற்றின் வேறுபாடு நன்றாகத் தெரியும். ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பது நிலைமத் திருப்புத்திறனைப் பொறுத்தது. அதில் தொலைவு இருமடியாக வருகின்றது. 270 கிலோகிராம் எஞ்சின் ஈர்ப்பு மையத்திலிருந்து அரை மீட்டரில் இருந்தால் அதன் பங்கு 67.5, இரண்டு மீட்டரில் இருந்தால் 1080. பதினாறு மடங்கு! நடுவில் எஞ்சினை வைத்த படகு சொன்னவுடன் திரும்பும், திருப்பத்தை நிறுத்தியவுடன் நிற்கும். கடைசியில் எஞ்சினைச் சுமக்கும் படகு திரும்பத் தயங்கும். திரும்பத் தொடங்கிவிட்டாலோ அமரம் வெளிப்பக்கம் வீசிச் செல்லும். பழைய படகில் பழகிய கை, எஞ்சின் மாற்றிய பிறகு முதல் வளைவில் ஏமாந்துபோவது இதனால்தான்.

இவ்வளவும் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு உட்பட்ட கதை. இன்னும் வேகமாகப் போனால் தண்ணீரோடு காற்றும் படகைத் தூக்க முற்படும். அதற்கு இங்கிலாந்து நாட்டுக் கேம்ப்பெல் குடும்பத்தின் படகுகளைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தந்தை மால்கம் கேம்ப்பெல் 1939 ஆகஸ்டு 19ஆம் நாள் கோனிஸ்டன் ஏரியில் ‘புளூபேர்ட் கே4’ என்ற படகை மணிக்கு 228 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். அப்படகில் இருந்தது, போட்டி விமானங்களுக்காக உருவான ரோல்ஸ் ராய்ஸ் ‘ஆர்’ எஞ்சின். போர் முடிந்தபின் ஜெட் எஞ்சின்கள் வந்துவிட்டன. 1947இல் அதே படகில் டி ஹாவிலாண்ட் ‘காப்ளின்’ ஜெட் எஞ்சினைப் பொருத்தினார். நீருக்குள்ளிருந்து தள்ளிய விசை இப்போது நீருக்கு மேலே வந்துவிட்டது. நீருக்குள் சுழலும் புரொப்பெல்லரும் இல்லை. நாம் மேலே கணக்கிட்ட திருப்புத்திறன் அடியோடு மாறிவிட்டது என்பதை நீங்களே ஊகிக்கலாம். படகின் உடலோ பழைய எஞ்சினுக்கென வகுத்தது. ஜெட் எஞ்சினோடு ஓட்டிப் பார்த்த ஓட்டங்கள் வெற்றி பெறவில்லை. மால்கம் 1948ஆம் ஆண்டின் கடைசி நாளில் காலமானார். மகன் டொனால்டு ஜெட் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பழைய ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினையே திரும்பவும் மாட்டினார்.

1951இல் அந்தப் படகு உடைந்து மூழ்கியபின், ஜெட் எஞ்சினுக்கென்றே புதிதாக ஒரு படகைக் கட்டச் செய்தார் டொனால்டு. நாரிஸ் சகோதரர்கள் வடிவமைத்த ‘புளூபேர்ட் கே7’ அது. முன்னால் இருபுறமும் இரண்டு மிதவைகள், பின்னால் ஓர் அடிப்பலகை என மூன்று புள்ளிகளில் மட்டும் தண்ணீரைத் தொட்டு ஓடும்படி அமைந்தது. முக்காலி ஆடாது என்பது உங்களுக்குத் தெரியுமே! 1955க்கும் 1964க்கும் இடையில் இப்படகு ஏழு முறை உலகச் சாதனையை ஏற்படுத்தியது. மணிக்கு 325 கிலோமீட்டரில் தொடங்கி 444 கிலோமீட்டர் வரை சென்றது. எஞ்சினுக்கு ஏற்ற உடல், உடலுக்கு ஏற்ற எஞ்சின்.

பிறகு டொனால்டு கேம்ப்பெல் மணிக்கு 300 மைல், அதாவது 483 கிலோமீட்டர் வேகத்தை எட்ட விரும்பினார். பழைய ‘பெரில்’ எஞ்சின் ஏறத்தாழ 16 கிலோநியூட்டன் விசை தந்தது. 1966இல் அதனை எடுத்துவிட்டு 20 கிலோநியூட்டன் தரும் ‘ஆர்ஃபியஸ்’ எஞ்சினைப் பொருத்தினர். நம் இந்திய விமானப்படையில் 1965, 1971ஆம் ஆண்டுப் போர்களில் பறந்த நாட் விமானத்துக்கு உரிய எஞ்சின் இது. நாட் விமானத்தின் வால் துடுப்பு ஒன்றும் படகின் பின்புறத்தில் ஏறியது.

புதிய எஞ்சின் பழையதைவிட வலிமை மிக்கது. அதே சமயம் எடை குறைந்தது. கேட்பதற்கு இரட்டை ஆதாயம் போல் இருக்கின்றது அல்லவா? ஆனால் எடை குறைந்த இடம் படகின் பின்பகுதி. நம் கணக்குப் படகில் நேர்ந்ததற்கு நேர் எதிராக, இங்கு ஈர்ப்பு மையம் முன்னே நகர்ந்துவிடுகிறது. முதலில் காற்று புகும் வழிகள் உள்ளே ஒடுங்கி எஞ்சின் பழுதாயிற்று. பின்னர் படகு முகத்தைத் தூக்கிச் சறுக்கத் தொடங்கவே தயங்கியது. அமரத்தில் எடை சேர்த்துப் பாரத்தின் பங்கீட்டை மாற்றிய பிறகே விரைவாக ஓடத் தொடங்கியது.

இங்கே ஒரு முரண்பாடு ஒளிந்திருக்கின்றது. மெல்ல ஓடும்போது படகைத் தூக்குவது தண்ணீர். அதற்கு எடை சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். மணிக்கு 450 கிலோமீட்டருக்கு மேல் படகு பாதி விமானம் ஆகிவிடுகிறது. அகன்ற முன்பகுதியின் அடியில் புகும் காற்று, ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருந்து அதனைத் தூக்குகிறது. முகம் சற்று உயர்ந்தால் காற்றின் விசை கூடும். கூடிய விசை முகத்தை இன்னும் உயர்த்தும். தானாகத் திரும்பி வராத வகை இது. அதைத் தடுப்பதற்கு எடை முன்னால் இருக்க வேண்டும். ஒரே படகு, ஒரே ஓட்டத்தில், முதலில் பின்பாரத்தையும் பிறகு முன்பாரத்தையும் கேட்கின்றது!

1967 ஜனவரி 4ஆம் நாள் காலை டொனால்டு கேம்ப்பெல் கோனிஸ்டன் ஏரியில் முதல் ஓட்டத்தை மணிக்கு 297.6 மைல் வேகத்தில் முடித்தார். சாதனைக்கு எதிர்த்திசையிலும் ஓடி, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். எரிபொருள் நிரப்பவோ, முதல் ஓட்டத்தில் எழுந்த அலைகள் அடங்கவோ காத்திராமல் அவர் உடனே திரும்பினார். வேகம் 320 மைலைத் தாண்டியது. 297.6இலிருந்து 320 என்பது சிறு உயர்வாகத் தோன்றலாம். இருமடி விதிப்படி காற்றின் தூக்கு விசை அதனால் சுமார் 16 விழுக்காடு கூடுகின்றது. படகின் முகம் எழுந்தது. கே7 நீரைவிட்டுக் கிளம்பி, பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்து, ஏரியில் மோதிச் சிதறியது. கேம்ப்பெல் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 45.

இதற்கு எஞ்சினை மாற்றியதுதான் காரணம் என்று யாரும் ஒரே சொல்லில் கூறிவிட முடியாது. அடங்காத அலைகள், எரிபொருள் குறைந்ததால் எடை குறைந்த படகு, மிகுந்த வேகம், கடைசிக் கணத்தில் எஞ்சின் நின்றிருக்கக்கூடும் என்ற ஐயம் எனப் பலவற்றையும் சேர்த்தே ஆய்வாளர்கள் பேசுகின்றனர். ஆயினும் 1955இல் 16 கிலோநியூட்டன் எஞ்சினுக்கென வகுத்த உடல் ஒன்றை 20 கிலோநியூட்டன் எஞ்சின் தள்ளியது என்பதும், அந்த வேகத்தில் ஒரு சிறு துள்ளலைத் தாங்க அதனிடம் மிச்சம் ஏதும் இருக்கவில்லை என்பதும் தெளிவு. 2001ஆம் ஆண்டு கே7 ஏரியின் அடியிலிருந்து மேலே கொண்டுவரப்பட்டது. அதனைச் செப்பனிட்டு, மீண்டும் ஓர் ஆர்ஃபியஸ் எஞ்சினைப் பொருத்தி, 2018இல் ஸ்காட்லாந்தின் ஃபாட் ஏரியில் மிதமான வேகத்தில் ஓட்டியும் காட்டினர்.

இன்றுள்ள உலகச் சாதனை கென் வார்பி என்ற ஆஸ்திரேலியருடையது. தம் வீட்டுப் பின்புறத்தில் கட்டிய படகில், இராணுவம் கழித்துவிட்ட ஜெட் எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, 1978 அக்டோபர் 8ஆம் நாள் மணிக்கு 511 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அதை முறியடிக்க முயன்ற லீ டெய்லர் 1980இலும், கிரெய்க் ஆர்ஃபன்ஸ் 1989இலும் விபத்தில் மாண்டனர்.

இப்போது படகுகளில் மின்மோட்டாரைப் பொருத்தும் வேலை தொடங்கியிருக்கின்றது. மோட்டார் சிறியது, பாரமெல்லாம் மின்கலங்களில்தான். ஒரு கிலோகிராம் பெட்ரோலில் சுமார் 12 கிலோவாட் மணி வெப்ப ஆற்றல் அடங்கியுள்ளது. ஒரு கிலோகிராம் லித்தியம் மின்கலத் தொகுப்பில் கால் கிலோவாட் மணிக்கும் குறைவே. மோட்டார் ஆற்றலை வீணாக்குவது குறைவு என்பதால் இந்த இடைவெளி ஓரளவு நிரம்பும். இருந்தும் பல நூறு கிலோகிராம் சுமக்க வேண்டும். ஆனால் மின்கலங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, படகின் அடியில் வேண்டிய இடத்தில் பரப்பி வைக்கலாம். மேலும், மின்னூட்டம் முழுவதும் தீர்ந்தாலும் மின்கலத்தின் நிறை குறைவதில்லை. புறப்படும்போது ஈர்ப்பு மையம் எங்கே இருந்ததோ, கரை திரும்பும்போதும் அங்கேயே இருக்கும்.